யாரும் வராத வரி

ரொசாரியோ
9 மே 2017

சுல்மா,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிடு.

உன் முகவரியை வரவேற்பறை நோர்மாவிடம் வாங்கினேன். "அவ உனக்குப் பதில் போடமாட்டா. சும்மா தபால்தலைய வீணாக்காத" என்றாள். மூன்றரை வருடம் ஆகிவிட்டது. எஸ்கெலில் கணக்கு டீச்சராக இருக்கிறாய் என்றும் அவள்தான் சொன்னாள். அந்தக் குளிர் உனக்கு எப்படி ஒத்துக்கொள்கிறதோ.

ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். புதுச் சிப்புக்காக நீ எழுதிய பகுதியில் 'நிறுத்தி வை' என்ற கட்டளைக்கு என்ன போட்டிருந்தாய்? நினைவிருக்கிறவரை எழுது. தொலைபேசி வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம். அலுவலக அஞ்சலை இப்போது வக்கீல்கள் படிக்கிறார்கள்.

வேறொன்றும் இல்லை, ஒல்லி. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஒராசியோ

*

எஸ்கெல்
20 மே 2017

ஒராசியோ,

ஒல்லி என்று கூப்பிடாதே. அப்படிக் கூப்பிட்டவன் என் அம்மாவின் அடக்கத்துக்கு வந்திருப்பான். அலுவலகத்தின் பெயரில் ஒரு மலர்வளையம் வந்தது. அதில் அம்மாவின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். இறந்துபோனது வேறு யாரோ போலிருந்தது.

வக்கீல்கள் அஞ்சலைப் படிக்கிறார்கள், ஆனால் நீ சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறாய். சரி. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். நாளைக்குப் புரியவில்லை என்று நீ சொல்ல முடியாது.

தானியக் கிடங்குகளில் இருக்கும் எலக்ட்ரீஷியன்கள் நம் சின்ன மொழியில் எழுதுகிறார்கள்: ஓட்டு, நிறுத்து, நிறுத்தி வை, அதாவது மறுபடி ஓடவிடாமல் பூட்டு. நம் கம்பைலர் அதைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. புதுச் சிப் வந்தபோது, ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தச் சிப்பின் கட்டளையை நான் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 'நிறுத்தி வை'யை எழுதி முடிக்கவில்லை. அம்மா படுத்துவிட்டாள், ஊருக்குப் போய்விட்டேன். அந்த இடத்தில் 'செய்யப்படவில்லை' என்று போட்டுவிட்டுப் போனேன். கம்பைலர் அதைப் பார்த்தால் பிழை சொல்லி நின்றுவிடும். நிரல் உருவாகாது. உருவாகாத நிரலால் யாருக்கும் கெடுதல் வராது.

நம்மிடம் இன்னொரு குறியும் இருந்தது, 'அடைய முடியாது' என்று. அது ஒரு வாக்குறுதி. நிரல் ஓடும்போது இந்த இடத்துக்கு ஒருநாளும் வராது என்று நாம் கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்கு. அதை நம்பி, கம்பைலர் அங்கே எதையும் எழுதாது. வாக்கு பொய்யானால், சிப் அந்த வெற்றிடத்தைத் தாண்டி அடுத்து எது எழுதியிருக்கிறதோ அதைச் செய்யத் தொடங்கிவிடும்.

நான் போட்டது முதல் குறி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது சொல். என்ன நடந்தது?

சுல்மா

*

ரொசாரியோ
29 மே 2017

சுல்மா,

ஒரு ஆள் இறந்துவிட்டான்.

வில்லா எர்மினியாவில் ஒரு கூட்டுறவுத் தானியக் கிடங்கு இருக்கிறது. நம் கருவிதான் அங்கே. ஏப்ரல் 22, சனிக்கிழமை காலை. கோபுரத்துக்குள் இருந்த சோயா ஈரத்தில் கட்டிக்கொண்டு இறங்கவில்லை. அங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். தம்பி செஃபெரினோ லெய்வா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கட்டியை உடைக்க நீளக் கம்பியோடு மேலேயிருந்து இறங்கினான். அண்ணன் அன்செல்மோ கீழே பொத்தான் பெட்டியின் முன்னால் நின்றார். அடியில் தானியத்தை வெளியே இழுக்கும் இரும்புத் திருகு நின்றுதான் இருந்தது. திடீரென்று ஓடத் தொடங்கியது. சோயா கீழே இறங்க இறங்க அவனையும் சேர்த்து இழுத்தது. கயிறு தாங்கவில்லை. அன்செல்மோ மெயின் சுவிட்சுக்கு ஓடிப்போய் அணைப்பதற்குள் அவன் தலைக்கு மேல் தானியம் மூடிவிட்டது. தகரத்தை வெட்டி வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. முப்பத்து நான்கு வயது.

"நான் 'நிறுத்தி வை' பொத்தானத்தான் அமுக்கினேன்" என்று அன்செல்மோ அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் நம்பவில்லை. பதற்றத்தில் 'ஓட்டு' பொத்தானை அழுத்திவிட்டார் என்று நம் அலுவலகம் அறிக்கை கொடுத்துவிட்டது. கவனக்குறைவால் தம்பியைக் கொன்றதாக அவர் மேல் வழக்கு. ஆகஸ்ட் மூன்றாம் தேதி விசாரணை.

அங்கிருந்து கழற்றிக் கொண்டுவந்த சிப்பை நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தேன். 'நிறுத்தி வை' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதற்கு அடுத்து இருப்பது 'ஓட்டு'. அந்த மனிதர் உண்மையைத்தான் சொல்கிறார்.

நீ முதல் குறியைத்தான் போட்டேன் என்கிறாய். ஆனால் பதிவேட்டில், 2013 நவம்பர் 15, மாலை நான்கு பத்துக்கு அது இரண்டாவது குறியாக மாறியிருக்கிறது. மாற்றியவர் பெயர் சுல்மா பெரால்தா என்று இருக்கிறது.

இதை மேனேஜர் காஸ்தெல்லியிடம் காட்டினேன். அவன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான், "மொதல்ல அந்த அண்ணன்காரன். அது நிக்கலேன்னா இருக்கவே இருக்கா சுல்மா. அவதான் இங்க இல்லையே, என்ன பேசப் போறா?"

உன்னை எச்சரிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒராசியோ

*

எஸ்கெல்
8 ஜூன் 2017

ஒராசியோ,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் பிரித்தேன். பிறகு வகுப்புக்குப் போய், கரும்பலகையில் பாதிச் சமன்பாட்டை எழுதிவிட்டு அப்படியே நின்றிருந்தேன். "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

எச்சரிக்கிறாயாம். ரொம்ப நன்றி.

நவம்பர் 15 வெள்ளிக்கிழமை. அன்று நான் ரியோ குவார்த்தோ ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விட்டாள். மாலை நான்கு பத்துக்கு ரொசாரியோவில் என் கணினியில் நான் எதைத் தட்டியிருக்க முடியும்? புதுச் சிப்புக்கான கருவி என் மேஜையில் மட்டும்தான் மாட்டியிருந்தது. என் கடவுச்சொல் தெரிந்த இன்னொரு ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவன்தான். அவனுக்கு அதைச் சொன்னது நான்தான். அவனை நம்பினேன்.

உன் முதல் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். நான் என்ன போட்டேன் என்று உனக்குத் தெரியும். எனக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறாய். மறந்திருந்தால் பழி அப்படியே என் தலையில் விழுந்திருக்கும் இல்லையா?

அன்று நீ எனக்கு ஃபோன் செய்தாய். அது மட்டும் நினைவிருக்கிறது. என்ன பேசினோம் என்று சரியாக நினைவில்லை.

அந்தச் சகோதரர்களுக்கு அம்மா இருக்கிறாளா?

சுல்மா

*

ரொசாரியோ
19 ஜூன் 2017

சுல்மா,

ஆமாம். நான்தான்.

மூன்று தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அவற்றில் நிறையக் காரணங்கள் இருந்தன.

அன்று மூன்று மணிக்கு நிரல் உருவாகாமல் நின்றது. திரையில் உன் வாசகம்: 'நிறுத்தி வை: செய்யப்படவில்லை. சுல்மாவைக் கேள்.' காஸ்தெல்லி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "கீழ லாரி நிக்குது. புதுப் பெட்டியில அந்தப் பொத்தானே கெடையாது. இல்லாத பொத்தானுக்கு எதுக்குய்யா இவ்வளவு அழுகை?" என்றான். அவன் சொன்னதும் சரிதான். புதுப் பெட்டிகளில் 'ஓட்டு', 'நிறுத்து' இரண்டும் மட்டும்தான். நிரல்களில் அந்தச் சொல் பழைய வழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நீ வைத்திருந்த குறியை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டேன். ஒரே ஒரு சொல். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. கீழே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

இங்கே வந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கால் மணி நேர வேலை. திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை உன் அம்மாவின் அடக்கம். நான் வராமல் போனதற்கு வேலை காரணமில்லை. வந்தால் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கும். நீ உடனே, அங்கே நின்றபடியே, "போய் மாத்து" என்று சொல்வாய். வரவில்லை. பிறகு நீ வேலையை விட்டுப் போனாய். அதன்பின் அந்த வரியைத் திறந்து பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வில்லா எர்மினியாக்காரர்கள் புதுக் கருவியை வாங்கிப் பழைய பொத்தான் பெட்டியோடு இணைத்துக்கொண்டார்கள். கைக்குப் பழகிய பெட்டி. "இருந்துட்டுப் போகட்டும்" என்று காஸ்தெல்லி ஃபோனிலேயே சம்மதித்துவிட்டான். நான்கு அறுவடை அந்தப் பொத்தானை யாரும் தொடவில்லை. உள்ளே ஆள் இறங்கும்போதுதான் அது தேவைப்படும்.

அன்று உனக்கு ஃபோன் செய்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இந்தக் கடிதம் யார் கைக்காவது போகலாம்.

இன்னொன்று. சரிசெய்த நிரல் தயாராக இருக்கிறது, நானே எழுதிவிட்டேன். காஸ்தெல்லி அனுப்ப விடவில்லை. அனுப்பினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார்கள் வக்கீல்கள். அதற்குப் பதிலாக மெக்கானிக்கை அனுப்பிப் பழைய பெட்டிகளிலிருந்து அந்தப் பொத்தானைக் கழற்றச் சொல்லியிருக்கிறான், பராமரிப்பு என்று பெயர் சொல்லி. ஏழு இடங்களில் இரண்டுதான் முடிந்திருக்கிறது. அன்செல்மோ மேல் பழி போட்ட அந்த அறிக்கையில், கருவியில் எல்லாம் சரி என்று போன மாதம் நான் கையெழுத்துப் போட்டேன்.

பயமாக இருக்கிறது. ஐம்பத்தொரு வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்?

அம்மா இல்லை அவர்களுக்கு. அன்செல்மோதான் தம்பியை வளர்த்தாராம்.

ஒராசியோ

*

எஸ்கெல்
30 ஜூன் 2017

ஒராசியோ,

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். நினைவில்லை என்று போன கடிதத்தில் சொன்னது பொய். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று பேசினேன். நீ கேட்டாய், "'நிறுத்தி வை' இன்னும் செய்யலையே, என்ன பண்றது?" நான் சொன்னேன், "அங்க யாருப்பா வரப் போறா? எதையாவது போட்டு அனுப்பு. அம்மாவுக்கு மூச்சு வாங்குது, வைக்கிறேன்."

நீ என் பேரில் எழுதியது அநியாயம். ஆனால் அங்கே யாரும் வரமாட்டார்கள் என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. அம்மா மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள், அதனால் சொன்னேன் என்று இந்த மூன்று வாரமும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மைதான். அதனால் செஃபெரினோ எழுந்து வரப்போவதில்லை.

உன் கடிதம் வந்த அன்றே, பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து பழைய வாடிக்கையாளர் பட்டியலில் எனக்கு நினைவிருந்த எண்களுக்கெல்லாம் ஃபோன் செய்தேன். உள்ளே ஆள் இறங்கும் முன் மெயின் சுவிட்சையே அணையுங்கள், அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள் என்றேன். மீதி ஐந்து இடங்களில் நான்கு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் "நீங்க யாரும்மா?" என்றார். "அத எழுதினவ" என்றேன். வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு அவர் மனைவியிடம் சொன்னேன். அவள் சிவப்பு மையில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டுவதாகச் சொன்னாள்.

குளிர்கால விடுமுறைக்கு ரொசாரியோ வருகிறேன். ஜூலை 25, செவ்வாய், காலை பத்து மணிக்குப் பேருந்து அங்கே வந்து சேரும். நேராக அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிறேன். உன் கடிதம் என் பையில் இருக்கும், நான் என்ன சொன்னேன் என்பதும் எழுதி வைத்திருப்பேன். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் உன் கடிதத்தைக் காட்ட வேண்டியிருக்காது, நீயே சொல்லிக்கொள்ளலாம்.

சுல்மா

*

ரொசாரியோ
11 ஜூலை 2017

சுல்மா,

இது உனக்கு நேரத்துக்கு வந்து சேருமா தெரியாது.

வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு மாதம் பொறு, நானே காஸ்தெல்லியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று. முழுப் பக்கமும் எழுதி முடித்துவிட்டு, உறைக்குள் போடும் முன் படித்துப் பார்த்தேன். அதில் 'ஒரு மாதம்' என்பது நான்கு தடவை வந்திருந்தது.

பேருந்து நிலையத்துக்கு வருகிறேன் என்று சொல்லும் தைரியமும் இல்லை.

ஒராசியோ

*

எஸ்கெல்
14 ஆகஸ்ட் 2017

ஒராசியோ,

பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். வரமாட்டாய் என்று முடிவு செய்து தனியாகப் போனேன். அரசு வழக்கறிஞர் அலுவலகப் பெஞ்சில், மடியில் அந்தச் சிப்பை டப்பாவில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். எட்டு மணிக்கே வந்துவிட்டதாகக் காவலாளி சொன்னான். உன் தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே நீ பேசிய மூன்று மணி நேரமும் என் பெயரை ஒரே ஒருமுறைதான் சொன்னாய், அதுவும் அந்த மாற்றம் அவள் செய்ததல்ல என்று சொல்ல. தொலைபேசியில் என்ன பேசினோம் என்பதை நான் சொல்லிக்கொள்ள விட்டாய். அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் வில்லா எர்மினியாவுக்குப் போனோம். நீ காரைவிட்டு இறங்கவில்லை. திரும்பும் வழியில் "என்ன சொன்னாரு?" என்று இரண்டு முறை கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்செல்மோ என்னைச் சமையலறையில் உட்கார வைத்து மாத்தே இலைத் தேநீர் போட்டுக் கொடுத்தார். பெரிய கைகள். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை அவர்.

"'நிறுத்தி வை'யத்தான் அமுக்கினேன்னு நான் சொன்னப்ப எம் பொண்டாட்டிகூட நம்பல. பதட்டத்துல மாத்தி அமுக்கியிருப்பேன்னா."

"நீங்க மாத்தி அமுக்கல. சரியான பொத்தானத்தான் அமுக்கினீங்க. நாங்க அதுல ஒண்ணுமே எழுதி வைக்கல. அதான் அடுத்ததுக்குப் போயிருச்சு."

"அப்படின்னா எனக்குப் பைத்தியம் இல்ல."

"இல்ல."

வெந்நீர்க் கெண்டியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார், "அது நின்னுட்டுத்தான் இருந்துச்சு, தெரியுமா? நான் அமுக்கணும்னே அவசியமில்ல. செஃபெதான் உள்ளேருந்து கேட்டான், 'அமுக்கிட்டியா?'ன்னு. 'இரு, அமுக்குறேன்'னேன். சும்மா இன்னும் ஒரு பாதுகாப்புக்கு." ஜன்னலைப் பார்த்தார். "அப்போ நான் அமுக்காம இருந்திருந்தா?"

இதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். மெயின் சுவிட்ச், விதிமுறை என்று ஏதாவது பேசியிருக்கலாம். ஆனால் நேராகக் கேட்டார்.

"ஓடியிருக்காது" என்றேன்.

தலையை ஆட்டினார். ரொம்ப மரியாதையாக வாசல்வரை வந்து வழியனுப்பினார். கார் திரும்பும்போது பார்த்தேன், முற்றத்தில் கோழிக் கூண்டின் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாதவர்போல நின்றுகொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் அவருக்குப் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் ஒன்றரை நாள் பயணம் செய்து வந்தேன். இறங்கிய பாரத்துக்குப் பதிலாக இன்னொன்றை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

இனி எனக்கு எழுதாதே என்று சொல்லமாட்டேன். எழுது என்றும் சொல்ல வரவில்லை.

சுல்மா

*

ரொசாரியோ
2 அக்டோபர் 2017

சுல்மா,

அரசு வழக்கறிஞரிடமிருந்து உனக்கும் தாள் வந்திருக்கும். அன்செல்மோ மேல் இருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள். நம் இருவர் பெயரிலும் மார்ச்சில் தொடங்குகிறது. காஸ்தெல்லி சாட்சியாக மட்டும் வருகிறான். லாரி நின்றது, அவன் சொன்னது எதுவும் எந்தத் தாளிலும் இல்லையாம். மீதி ஐந்து இடங்களுக்கும் சரியான நிரல் போய்விட்டது. நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் போனது. என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான்.

போன சனிக்கிழமை தனியாக வில்லா எர்மினியாவுக்குப் போனேன். இந்த முறை காரைவிட்டு இறங்கினேன்.

அன்செல்மோ சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லை மாற்றியது நான்தான் என்றேன். பெயரையும் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார்.

"வழக்கு முடிஞ்ச அன்னைக்கு ஊர்ல எல்லாரும் வந்து தோளத் தட்டினாங்க. உன் மேல தப்பில்லப்பான்னாங்க" என்றார்.

"உங்க மேல தப்பில்லதான்."

"அதான் பிரச்சினை. வெளிய என்ன சொன்னாலும், ஒருவேளை தப்பா அமுக்கிட்டேனோன்னு உள்ளுக்குள்ள நெனச்சுட்டு இருந்தவரைக்கும் தெனமும் கல்லறைக்குப் போவேன். அவன்கிட்ட மன்னிப்புக் கேப்பேன். அவன் திட்டுற மாதிரி இருக்கும், கொஞ்சம் நல்லா இருக்கும்." என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, சுல்மா. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "இப்பவும் போறேன். அங்க போய் நிக்குறேன். என்ன பேசறதுன்னுதான் தெரியல."

நான் கொண்டுபோயிருந்த வார்த்தைகள் எதுவும் அங்கே பொருந்தவில்லை. மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாய் அசைந்தது நினைவிருக்கிறது.

அவர் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார். நான் வெளியே வந்தேன். கதவைச் சாத்த அவர் எழுந்து வரவில்லை. காற்றில் அது அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போய் நானே சாத்திவிட்டு வந்தேன்.

ஒராசியோ